மருமகன் மைக் பிடிக்காத கல்யாணம்

சிங்கப்பூரில் இறங்கியதும் எல்லாரும் கட்டடத்தைப் பார்ப்பார்கள். நான் சத்தத்தைப் பார்த்தேன். சத்தத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்காதீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், இப்படித்தான் எழுதுவேன். ஆனால் கடையநல்லூரில் வந்து ‘ரேடியோ செட் மைதீன்’ என்று கேட்டால் சின்னக் குழந்தையும் வழி சொல்லும். எங்கள் வட்டாரத்தில் என் ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பேசாத மந்திரி கிடையாது. நான் குழாய் ஸ்பீக்கர் கட்டாத தென்னைமரமும் கிடையாது. தலைச்சுமையாகத் தூக்கி ஆரம்பித்தது, இன்றைக்கு லாரியில் போகிறது.

அப்படிப்பட்ட நான் டெக்கா என்கிற கடைத்தெருவில் ஒரு பள்ளிவாசல் முன்னால் நின்றுகொண்டு பாங்கு சொல்லட்டும், உள்ளே போவோம் என்று காத்திருந்தேன். காத்திருந்தேன், காத்திருந்தேன், தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

“பாங்கு இன்னும் சொல்லலியே?” என்றேன், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம்.

“அதெல்லாம் எப்பவோ சொல்லியாச்சு பாய். இங்க ஸ்பீக்கர் உள்ள பாத்துத்தான் இருக்கும் லா.”

வெளியே கேட்காத ஸ்பீக்கரை நான் அன்றுதான் கண்டேன். ஊரில் நான் ஒரு கூம்பைக் கட்டினால் மூன்று ஊர் எழுந்து உட்காரும். இங்கே அடுத்த கடைக்காரர் பூத் தொடுத்துக்கொண்டே இருக்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. என் தொழில் இந்த ஊரில் ஒரு வாரம் தாங்காது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

வந்த காரியம் கல்யாணம். என் ஒரே தங்கை நூர்ஜஹானைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்து ரொம்பக் காலம் ஆகிறது. சுவா சூ காங்கில் ஒரு அடுக்குமாடியில், இங்கே புளோக் என்கிறார்கள், ஒன்பதாவது மாடியில் வீடு. அவள் மகள் ஷாஹினாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் வராமல் எப்படி?

அன்று சாயங்காலம் தங்கை மீன் ஆணம் வைத்திருந்தாள். ஊர் ருசி மாறவில்லை, தேங்காய் மட்டும் கொஞ்சம் அதிகம். சாப்பிட்டுக் கையைக் கழுவும்போது ஷாஹினா அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். நர்ஸ் வேலை பார்க்கிற பெண், மெதுவாகத்தான் பேசுவாள்.

“மாமா, எனக்குச் சீர் ஒண்ணும் வேணாம். ரியாஸ் அண்ணன ரிசப்ஷன்ல நாலு வரி பாட வைங்க. நான் பிரைமரி ஸ்கூல்ல இருக்கும்போதே ப்ராமிஸ் பண்ணான், என் கல்யாணத்துல ராப் பண்றேன்னு.”

“இவ்வளவுதானாக்கும்? பேசவே வராதவன மைக்கக் கையில கொடுத்து எம்.எல்.ஏ. ஆக்கிருக்கான் ஒன் மாமன்.”

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். “அண்ணே, அந்தப் பேச்ச விடு.” ஹாலில் இருந்த மச்சான் அன்வர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். ரியாஸ் அறைக்குள்ளே இருந்தான். கதவு திறந்துதான் இருந்தது.

ரியாஸ் மூத்தவன். பையனாக இருந்தபோது ஊருக்கு வருவான். என் மைக்கைப் பிடுங்கி தமிழும் இங்கிலீஷும் கலந்து மூச்சு விடாமல் பொழிவான். தெருவே கூடிவிடும். நான் பெரிய பெரிய பாடகர்களுக்கெல்லாம் மைக் வைத்தவன், சொல்கிறேன்: இப்படியொரு குரல் கோடியில் ஒன்று. மைக்கில் அது மோதாது, வழுக்கிக்கொண்டு போகும். பிறகு சில வருஷம் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. வெளிநாட்டில் வேலை என்றார்கள். ஊரில் அரசல்புரசலாக வேறு ஒன்று பேசினார்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவன் ஏர்கான், நம்ம ஊர் ஏ.சி.தான், கழுவும் வேலை பார்க்கிறான். கல்யாணம் ஆகவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

மறுநாள் காலையில் எல்லாரையும் எழுப்ப வேண்டாமென்று நானே தனியாகக் குட்டி ரயிலில் ஏறினேன். ஓட்டுகிற ஆள் கிடையாது. டீக்கடைக்கு இரண்டு நிறுத்தம் என்று சொல்லியிருந்தார்கள். வேடிக்கை பார்த்ததில் விட்டுவிட்டேன். அது வட்டமாகச் சுற்றி வருகிற வண்டியாம். கட்டடங்களுக்கு மிக அருகில் போகும்போது ஜன்னல் கண்ணாடி திடீரென்று பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. கண்ணில்தான் கோளாறு என்று பயந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த சீனக் கிழவி என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னாள். எதிரில் இருந்த தமிழ்ப் பெண் சொல்லித்தான் புரிந்தது: “அவங்கவங்க வீட்டுக்குள்ள நாம பார்க்கக் கூடாதுல்ல, அதான்.” நல்ல ஏற்பாடுதான். எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு இப்படி ஒரு கண்ணாடி போட்டால் பாதிச் சண்டை குறையும்.

ஏறின இடத்துக்கே வந்து இறங்கியபோது ரியாஸ் என்னைத் தேடி வந்து நடைமேடையில் நின்றுகொண்டிருந்தான். “ரவுண்ட் அடிச்சீங்களா மாமா?” என்றான். அன்றைக்குத்தான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

இருவரும் லிட்டில் இந்தியா போனோம். மல்லிகைப்பூவும் மருதாணியும் வாங்க வேண்டியிருந்தது. வாங்கிவிட்டு ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். மர்தபாக் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நம்ம முட்டைப் புரோட்டாவின் பணக்காரச் சித்தப்பா. உள்ளே கறி, மேலே குழம்பு. டீயை ஒரு முழ உயரத்துக்கு இழுத்து ஆற்றினார் ஒருவர். எங்கள் ஊர் டீக்கடை மாஸ்டர் இரண்டு முழம் இழுப்பார் என்று அவரிடமே சொன்னேன்.

பக்கத்து மேசையில் மூன்று தமிழ் இளைஞர்கள். ஒருவன் மேசையில் தட்ட, மற்ற இருவரும் மாறிமாறித் தாளத்தோடு திட்டிக்கொண்டார்கள்.

“டேய், உன் ராப் எங்க புளோக் லிஃப்ட் மாதிரிடா. எல்லா மாடியிலயும் நின்னு நின்னு போகுது!”

“உன்னது லிஃப்டே இல்லடா மச்சி, அண்டர் மெய்ன்டெனன்ஸ்!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் ரியாஸின் விரல்கள் மேசையில் அந்தத் தாளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. “ஏல மருமவனே, ஒரு பாட்டுதானல கேக்கா ஒன் தங்கச்சி? என்ன நடந்ததுன்னு எங்கிட்டயாவது சொல்லேன்.”

டீயைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

“எங்களுக்கு ஒரு குரூப் இருந்துச்சு மாமா. புளோக் கீழ நின்னு பாடுவோம். அத்தா ரெண்டு ஷிப்ட் வேலை பார்க்கிறது, ஸ்கூல்ல எங்கள ஒரு மாதிரி பார்க்கிறது, அதெல்லாம் பாட்டு. கோபம் நிறைய இருந்துச்சு. சும்மா சொன்னா யாரு கேக்கறா? பீட் போட்டுச் சொன்னா கேட்டாங்க. அப்புறம் ஆன்லைன்ல ஒருத்தர் பழக்கமானார். ஐரோப்பாவுல பெரிய ராப்பரா இருந்தவராம். ‘தம்பி, நானும் உன்ன மாதிரிதான், கைதட்டல் எல்லாம் வெறும் காத்து’ன்னார். பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன் மாமா. ராப்பர் சொன்னார், அதான் கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“மியூசிக் ஹராம், டிரம் ஹராம், கிட்டார் ஹராம். குரல் மட்டும் கூடும். சரின்னு எல்லாத்தையும் டெலீட் பண்ணேன். அவர் பாட்டு அனுப்புவார். வாத்தியமே இருக்காது. ஆனா பூட்ஸ் நடக்கிற சத்தம் இருக்கும், வாள் உரசற சத்தம், துப்பாக்கி. ஒவ்வொண்ணும் டிரம் விழற இடத்துலயே கரெக்டா விழும். எனக்கு அப்ப அது காதுல ஏறல. ஹராம விட்டுட்டேன்னு நெனச்சிட்டு அதே பீட்டத்தான் கேட்டுட்டு இருந்தேன்.”

பக்கத்து மேசையில் திட்டு முடிந்து ஒருவன் தட்டிலிருந்து இன்னொருவன் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். ரியாஸ் அவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ராப்லயும் கொன்னுடுவேன், புதைச்சிடுவேன்னுதான் சொல்லுவோம். முடிஞ்சா சேர்ந்து பிராட்டா சாப்பிடப் போவோம். அவங்க பாட்டு முடிஞ்சா சாப்பாடு கிடையாது மாமா. நெஜமாவே போய்க் கொல்லணும்.”

சிரியாவில் ஆட்சி நடத்துவதாகச் சொல்லிக்கொண்ட அந்தக் கூட்டத்தோடு போய்ச் சேரத் திட்டம் போட்டிருக்கிறான். கிளம்புமுன் அரசாங்கத்தார் பிடித்துவிட்டார்கள். உள்ளே வைத்திருந்தபோது மார்க்கம் படித்த உஸ்தாது ஒருவர் வாராவாரம் வந்து அவனோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். முதலில் அவரைத் திட்டியிருக்கிறான், பிறகு கேட்டிருக்கிறான். வெளியே விட்ட பிறகும் கொஞ்ச காலம் கட்டுப்பாடு. இப்போது எதுவும் இல்லை.

என் ரேடியோ செட்டையும் ஹராம் என்று சொல்ல ஊரில் நாலு பேர் வந்தார்கள். “நாளைக்கு ஒங்க பயான் பேச்சுக்கு எவன் மைக் வைப்பான்?” என்று கேட்டு அனுப்பிவைத்தேன். தர்காவில் கந்தூரிக் கச்சேரியில் ஆர்மோனியமும் தபலாவும் வைத்து அல்லாஹ்வின் பேரைத்தானே பாடுகிறார்கள்? கேட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவனுக்கு இதைச் சொல்ல அன்றைக்கு யாரும் பக்கத்தில் இல்லை. நான் இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பேனா என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் என்னைப் பிறகு கெடுத்தது.

“தடை ஒண்ணும் இல்லேல்ல? அப்பப் பாட வேண்டியதுதானே!”

“நாளைக்கு எங்கூட வேலைக்கு வாங்க மாமா” என்றான். எழுந்து போகும்போது நான் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டேன். துடைக்கிற அம்மா கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். தின்ற தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டுமாம், இல்லையென்றால் அபராதம். ரியாஸ் இரண்டு தட்டையும் வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் புக்கிட் மேராவில் ஒரு பழைய புளோக். ரியாஸ் ஏணியும் தண்ணீர்ப் பம்பும் தூக்கிவர, நான் குடையை மட்டும் தூக்கிப் போனேன். கதவைத் திறந்தது ஒரு மலாய்க்கார அம்மாள். ரியாஸ் அவரை ‘மக்சிக்’ என்று கூப்பிட்டான், அத்தை என்பதுபோல. அவன் ஏணியில் ஏறி ஏர்கானைக் கழற்ற, அந்த அம்மாள் எனக்குத் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலி வறுவலும் வைத்தார். அவர் மலாயில் சொன்னதை ரியாஸ் ஏணியில் நின்றபடியே ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னான். தன்னைப் பற்றிய வாக்கியத்தையும் அப்படியே சொன்னான்.

“என் மகன் ஹக்கீமும் இவனும் ஒன்றாகப் பாடினவர்கள். இவன் பாட்டை விட்டதும் அவனும் விட்டான். அதன் பிறகு தலையணைக்கு அடியில் போனை வைத்து இவன் குரலையே கேட்பான். இசை இல்லை, குரல் மட்டும். ஓதுவதைக் கேட்கிறான் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.”

அது ஓதல் இல்லை. அந்தக் கூட்டத்துக்காக ரியாஸ் எழுதி, பேசி அனுப்பியது. ரியாஸால் போக முடியவில்லை. ஹக்கீம் போய்விட்டான். போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

“கல்யாணத்துக்கு வாங்க” என்று நான் தமிழிலேயே கையெடுத்துச் சொன்னேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“நான் வந்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். பிறகு இவனைப் பார்ப்பார்கள்.” இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு, “சாப்பிடச் சொல்லுங்கள், மெலிந்துவிட்டான்” என்றார். ரியாஸ் அதையும் மொழிபெயர்த்தான். அவர் அவனுக்குச் சோறு வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டான்.

லிஃப்டில் இறங்கும்போது சொன்னான்: “என் குரல் நல்லா இல்லாம இருந்திருந்தா அவன் இங்க இருந்திருப்பான் மாமா.”

இதைக் கேட்டபிறகாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் யார்? ரேடியோ செட் மைதீன். ஒலிக்காமல் கிடக்கிற ஸ்பீக்கர் பூஞ்சை பிடித்துப் போகும், ஒரு தடவை ஓட விட்டால் சரியாகிவிடும் என்பது என் தொழில் கண்ட உண்மை. குரலும் அப்படித்தான் என்று நானாகத் தீர்மானித்தேன். ஷாஹினாவுக்கு வாக்கும் கொடுத்தாகிவிட்டது.

கல்யாண வரவேற்பு புளோக்குக்குக் கீழே இருக்கும் திறந்த தளத்தில். தூணுக்குத் தூண் துணி கட்டி, மின்விசிறி வைத்து, அழகாகச் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு குவீன்ஸ்டவுன். நல்ல மனிதர்கள், நிறையப் பேர் அரசாங்க வேலை. பிரியாணி மணம் லிஃப்ட் வரைக்கும் வந்தது. பாட்டுப் போடும் மலாய்ப் பையனிடம் போய், ஓசை காதைக் கீறுகிறது, கொஞ்சம் இறக்கு என்று கையால் காட்டினேன். இறக்கினான். “நைஸ், அங்கிள்” என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாய்மாமன் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள். பேசினேன். குட்டி ரயில் கதையைச் சொன்னேன். சிரிப்போ சிரிப்பு. எல்லார் கையிலும் போன், எல்லாப் போனும் என்னைப் படம் பிடிக்கிறது. அந்தச் சூட்டில் சொல்லிவிட்டேன்:

“இப்ப மணப்பொண்ணோட அண்ணன், எம் மருமவன் ரியாஸ், தங்கச்சிக்காக ஒரு பாட்டுப் பாடுவான். ஏல, வா!”

கைதட்டல் எழும் என்று காத்திருந்தேன். போன்கள் இறங்கின. முதலில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், பிறகு நம் பக்கம். மாப்பிள்ளையின் அண்ணன் வரிசை வரிசையாகக் குனிந்து, “ரெக்கார்ட் பண்ணாதீங்க ப்ளீஸ், ரெக்கார்ட் பண்ணாதீங்க” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிரியாணி மேசைப் பக்கம் நகர்ந்தாள். என் தங்கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாததுபோல இருந்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நான் ஒரே வார்த்தையில் அதை உடைத்துவிட்டேன்.

ரியாஸ் வந்தான். கோபப்படவில்லை. என் கையிலிருந்து மைக்கை வாங்கி, சுவிட்சை அணைத்து, மேசையில் வைத்தான். நேராக மேடைக்குப் போனான். ஷாஹினா பக்கத்தில் குனிந்து, அவள் காதோடு கையைக் குவித்து வைத்துக்கொண்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாலு அடி தூரத்தில் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் மூன்றாம் தெருவில் மூக்கு உறிஞ்சினாலும் எந்த வீடு என்று சொல்கிற காது இது. ஷாஹினாவின் தலை மட்டும் மெல்ல ஆடியது. அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் இறங்கிப் போய்ப் பிரியாணிப் பந்தியில் தண்ணீர் பரிமாற ஆரம்பித்தான். பாட்டு மறுபடியும் போட்டார்கள். போன்களும் மெல்ல மேலே வந்தன.

சாப்பிட்டுக் கைகழுவுகிற இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா என் தங்கையிடம் கேட்டார்: “காதுல என்னம்மா சொன்னாரு உங்க மகன்?”

“தங்கச்சிக்கு துவா செஞ்சான்.”

“ஓ, துவாவா.” சிரித்தார். நல்லவர்தான். ஆனால் பழம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது இன்னொரு தடவை கேட்டார். “துவாதானே?”

என் தங்கை “ஆமா” என்றாள். அந்த ‘ஆமா’வை அவள் சொன்ன விதத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது. மைக்கில் சத்தமாகப் பாடியிருந்தால் ஒரு நாள் பேச்சாகப் போயிருக்கும். காதில் சொன்னதால் அது சந்தேகமாக அந்த வீட்டோடு கூடவே போகும். இரண்டில் எது நடந்தாலும் பழி அவனுக்கு. இழுத்துவிட்டவன் நான்.

அன்று இரவு தங்கை என்னைத் திட்டவில்லை. பால் காய்ச்சிக் கொடுத்தாள். திட்டியிருக்கலாம்.

ஊர் திரும்பும் நாள் ரியாஸ்தான் விமான நிலையத்துக்குக் கூட வந்தான். வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்தேன். புது லாரி வாங்கிய கதை, கலெக்டர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கதை. உள்ளே போகிற வாசல் வந்ததும் பையைக் கீழே வைத்தேன்.

“தப்புப் பண்ணிட்டேன்ல மருமவனே.”

“ஷாஹினா சந்தோஷமா இருந்தா மாமா. விடுங்க.”

“ஆமா, அவ காதுல என்னதான் சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஏல, நான் ஒன் மாமன்ல.”

“நெஜமா மாமா. வார்த்தையே இல்ல. வாயால பீட் மட்டும் போட்டேன். அவதான் தலைய ஆட்டினா.”

கண்ணை மூடினேன். டிரம்மை எடுத்துவிட்டு வார்த்தையை வைத்துக்கொள் என்று அவர்கள் சொன்னார்கள். இவன் டிரம்மைத் திருப்பி எடுத்துக்கொண்டான், வார்த்தையை விட்டுவிட்டான். அந்தக் குரலில் தமிழ் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். இனி யாரும் கேட்கப்போவதில்லை.

“வரி ஒண்ணுகூட எழுத மாட்டியா?”

“ஹக்கீம் வரட்டும் மாமா” என்றான்.

எனக்கும் ஒரு தடவை அந்த பீட்டைப் போட்டுக் காட்டேன் என்று கேட்க வாயெடுத்தேன். அவனுக்கும் அது புரிந்துவிட்டது, உதட்டைக் கூட ஈரப்படுத்திக்கொண்டான். பிறகு ஒரு தடவை சுற்றிலும் நின்ற ஆட்களைப் பார்த்தான். என் பையை எடுத்து என் கையில் கொடுத்தான்.